கரும்பு வெட்டுக்கு முன்னும் பின்னும்
அன்றாடக் கவலை நம் உடலில் செய்வது என்ன?

திருவண்ணாமலையிலிருந்து திருக்கோயிலூர் செல்லும் வழியில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்த ஊர் மணலூர்பேட்டை. சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளையும் சிற்றூர்கள். இப்பகுதியில் இரண்டரை ஏக்கர் கரும்பு வைத்திருக்கும் ஒரு விவசாயியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது நாற்பத்தைந்து. கரும்பு நட்டுப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு இன்னும் வரவில்லை. கையில் இருந்த பணம் உரத்திலும் களை எடுப்பிலும் கரைந்துவிட்டது. மனைவியின் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது. "என்னங்க, குழுக் கடனுக்குத் தவணை நாளு வருது" என்று வீட்டில் நினைவுபடுத்துகிறார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது.

அவருக்குக் காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை. "உடம்புக்கு என்ன?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, கொஞ்சம் கவலை, அவ்வளவுதான்" என்பார். ஆனால் இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறார். சின்னக் கணக்கில்கூடத் தவறு செய்கிறார். பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். வயிறு எரிகிறது, கழுத்து வலிக்கிறது.

கரும்பு வெட்டி, லாரியில் ஏற்றி, ஆலைப் பணமும் கைக்கு வந்தபின் அவரைப் பாருங்கள். அதே மனிதர்தான். ஆனால் முகம் தெளிந்திருக்கிறது, தூக்கம் வருகிறது, கணக்குச் சரியாக இருக்கிறது. இந்த மாற்றம் வெறும் மனநிலை மாற்றமா? அல்லது உடலுக்குள்ளும் ஏதேனும் மாறுகிறதா? இக்கேள்விக்கு விடை தேடிய ஓர் ஆய்வு நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது.

விழுப்புரம் வட்டாரத்தில் ஓர் ஆய்வு

2010-ஆம் ஆண்டில், விழுப்புரம், திருவண்ணாமலை ஆகிய இரு மாவட்டங்களில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஓர் ஆய்வுக் குழுவினர் சந்தித்தார்கள். (கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல், அதுவரை மணலூர்பேட்டையும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது.) ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் இந்த ஆய்வின் முடிவை 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'சயின்ஸ்' என்னும் ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார்கள்.

எதற்காகக் கரும்பு விவசாயிகளைத் தேர்ந்தெடுத்தார்கள்? கரும்பு விவசாயிக்குப் பணம் வருவது ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு முறை. வெட்டியவுடன் அவர் ஓரளவு வசதியானவர்; வெட்டுக்கு முன் அவரே ஏழை. ஏழையையும் பணக்காரரையும் ஒப்பிட்டால், கல்வி, உணவு, பழக்கம் என்று ஆயிரம் வேறுபாடுகள் குறுக்கே வரும். இங்கோ ஒரே மனிதரை அவரோடே ஒப்பிடலாம். மேலும், ஆலை ஒரு நாளில் அரைக்கக்கூடிய கரும்புக்கு ஓர் அளவு உண்டு. ஆகவே வெட்டு ஒரே நாளில் நடப்பதில்லை. பல மாதங்களுக்குப் பரவி நடக்கிறது. பக்கத்து வயல்காரர் வெட்டி முடித்திருப்பார்; இவருக்கு முறை வந்திருக்காது. எனவே மழை, வெயில், திருவிழா முதலியவைதாம் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது.

வெட்டுக்கு முன் விவசாயிகளுள் 78 விழுக்காட்டினர் பொருள்களை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் அது 4 விழுக்காடு. கடன் வைத்திருந்தவர்கள் வெட்டுக்கு முன் 99 விழுக்காடு. பின் 13 விழுக்காடு. இந்த எண்களே ஒரு கதையைச் சொல்கின்றன அல்லவா?

அடுத்து அவர்களுக்கு இரண்டு சோதனைகள் கொடுக்கப்பட்டன. ஒன்று, ரேவன் சோதனை. ஒழுங்காக அமைந்த படத்தில் ஒரு துண்டு விடுபட்டிருக்கும். பொருத்தமான துண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். மற்றொன்று ஸ்ட்ரூப் சோதனை. இதை நீங்களும் செய்து பாருங்கள்:

2 2 2 2

இதில் எத்தனை எண்கள் உள்ளன? நான்கு. ஆனால் வாய் 'இரண்டு' என்று சொல்லத் துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்கிச் சரியான விடையைச் சொல்ல மூளை கொஞ்சம் முயல வேண்டும்.

ரேவன் சோதனையில் வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 விடைகள் சரியாக இருந்தன. வெட்டுக்குப் பின் 5.45. ஸ்ட்ரூப் சோதனையை முடிக்க வெட்டுக்கு முன் 146 விநாடிகள் ஆயின. பின் 131 விநாடிகள். தவறுகளும் குறைந்தன. ஒருமுறை செய்த சோதனையை மறுபடி செய்ததால் வந்த பழக்கமோ என்ற ஐயம் எழலாம். அதற்காகவே 100 விவசாயிகளை முதலில் சோதிக்காமல் விட்டுவைத்து, வெட்டுக்குப் பிறகு முதன்முறையாகச் சோதித்தார்கள். அவர்களும் நன்றாகவே செய்தார்கள்.

ஆய்வாளர்கள் தந்த விளக்கம் இது: பணக் கவலை மூளையின் ஒரு பகுதி உழைப்பைத் தனக்காக எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருப்பதைக் கொண்டுதான் மற்ற வேலைகளை நடத்த வேண்டியிருக்கிறது. விவசாயி அறிவில் குறைந்தவர் அல்லர். அவர் தலையில் ஏற்கெனவே ஒரு பெரிய கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இரத்த அழுத்தம் காட்டிய வேறுபாடு

இந்த ஆய்வில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு பகுதி உண்டு. விவசாயிகளுள் ஒரு பகுதியினருக்கு நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அளந்திருக்கிறார்கள். வெட்டுக்கு முன் இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம், அதாவது மேல் எண், சராசரியாக 128.6, வெட்டுக்குப் பின் 121.6. கீழ் எண் 78.7-லிருந்து 74.3 ஆகக் குறைந்தது. நாடித் துடிப்பும் நிமிடத்துக்கு இரண்டு அளவில் குறைந்தது.

மேல் எண்ணில் 7 மில்லிமீட்டர் வேறுபாடு. ஒருவருக்கு ஒரு நாள் இது பெரிய வேறுபாடு அன்று. ஆனால் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் இதன் பொருள் வேறு. மருந்தின் மூலம் மேல் எண்ணை 10 மில்லிமீட்டர் குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நோய்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிவியலார் 2016-இல் கண்டார்கள். அடகுச் சீட்டு ஒன்று இரத்தக் குழாயையும் எட்டுகிறது என்றால் வியப்புத்தான்.

ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அழுத்தத்தைக் கணக்கில் எடுத்த பின்பும் சோதனை முடிவுகளின் வேறுபாடு நீங்கவில்லை. ஆகவே கவலை, உடலின் வழியாக மட்டுமன்றிக் கவனத்தை நேரடியாகத் திருடியும் தன் வேலையைச் செய்கிறது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அவர்களுடைய கணக்கீட்டைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. அறிவியலில் இத்தகைய வாதம் நல்லதே. ஆனால் தொடர்ந்த கவலை உடலைப் பாதிக்கும் என்பதற்கு இந்த ஓர் ஆய்வு மட்டும் சான்று அன்று. நூறாண்டுச் சான்றுகள் இருக்கின்றன.

வரப்பில் ஒரு பாம்பு

கவலைக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பு எப்படி ஏற்படுகிறது? இரவில் மோட்டார் போடக் கரும்புத் தோட்டத்துக்குப் போகிறீர்கள். டார்ச் வெளிச்சத்தில் வரப்பின் மேல் ஒரு கட்டுவிரியன். அந்த நொடியில் உங்கள் உடலில் நடப்பதைப் பார்ப்போம்.

மூளையில் அமிக்டலா என்னும் சிறு பகுதி அபாயத்தை அறிந்து, ஹைப்போதலாமஸுக்குச் செய்தி அனுப்புகிறது. அங்கிருந்து நரம்புகளின் வழியாகச் சிறுநீரகங்களுக்கு மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குக் கட்டளை போகிறது. உடனே அட்ரினலின் என்னும் இயக்குநீர் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு விரைகிறது. தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது. வாய் உலர்கிறது, செரிமானம் நின்றுவிடுகிறது. ஓடும் நேரத்தில் சோறு செரிக்க வேண்டிய அவசியம் இல்லை அல்லவா? காயம் பட்டால் தாங்குவதற்காக இரத்தம் விரைந்து உறையும் தன்மையைப் பெறுகிறது.

இதற்குப் பின்னால் சற்று மெதுவாக மற்றொரு ஏற்பாடும் நடக்கிறது. ஹைப்போதலாமஸ், பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அது அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிசால் என்னும் இயக்குநீர் வெளிவருகிறது. இது ஈரலிலிருந்து சர்க்கரையை எடுத்து இரத்தத்தில் விடுகிறது. போராடவோ ஓடவோ எரிபொருள் தருகிறது. பாம்பு புதருக்குள் போய்விட்டது. இனி என்ன? கார்ட்டிசாலே மூளைக்குத் திரும்பிச் சென்று, 'போதும், நிறுத்து' என்று சொல்கிறது. ஓரிரண்டு மணி நேரத்தில் உடல் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.

இந்த ஏற்பாடு நம்மைக் கொல்ல வந்ததன்று, காக்க வந்தது. காலையில் நாம் எழுந்திருப்பதற்கும் கார்ட்டிசால் வேண்டும். விழித்த அரை மணி நேரத்தில் அது உச்சத்துக்குச் சென்று, பகல் முழுதும் படிப்படியாகக் குறைந்து, நள்ளிரவில் மிகக் குறைவாக இருக்கும்.

தொல்லை எங்கே வருகிறது? பாம்பு போய்விடும், கடன் போவதில்லை. உடலுக்கோ இரண்டுக்கும் வெவ்வேறு மணி கிடையாது, ஒரே மணிதான். வட்டி நினைவுக்கு வரும்போதெல்லாம், மாமியாருக்கும் மருமகளுக்கும் சொல் தடிக்கும்போதெல்லாம், மேலதிகாரி முறைக்கும்போதெல்லாம் அந்த மணி அடிக்கிறது. ஓடவும் முடியாது; போராடவும் முடியாது. இரத்தத்தில் ஏறிய சர்க்கரையும் கொழுப்பும் செலவாகாமல் நிற்கின்றன.

கேனனும் செலியேயும்

உணர்ச்சிக்கும் செரிமானத்துக்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் கண்ணால் பார்த்தவர்களுள் ஒருவர் அமெரிக்க அறிஞர் வால்ட்டர் கேனன். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தபோது, அதைக் கொண்டு பூனைகளின் இரைப்பை அசைவைக் கவனித்தார். பூனை அஞ்சினாலோ சினந்தாலோ இரைப்பை அசைவு நின்றுபோவதைக் கண்டார். 'போராடு அல்லது ஓடு' என்னும் உடலின் எதிர்வினையை 1915-இல் அவர் விளக்கினார்.

1936-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செலியே என்பவர் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதம் எழுதினார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், அளவுக்கு மீறி ஓட வைத்தாலும், நச்சு மருந்துகளைக் கொடுத்தாலும் அவற்றின் உடலில் ஒரே வகை மாற்றங்கள் தோன்றின. அட்ரினல் சுரப்பி பெருத்தது. நோய் எதிர்ப்போடு தொடர்புடைய தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் உண்டாயிற்று. இதையே பின்னர் அவர் 'அழுத்தம்' என்ற சொல்லால் குறித்தார்.

இங்கே ஒரு திருத்தம் தேவை. 'கவலைப்பட்டால் குடற்புண் வரும்' என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மனிதரின் குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிக்கோபேக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிர் என்று ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980-களில் காட்டினார்கள்; 2005-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். வலி மாத்திரைகளும் புண்ணை உண்டாக்கும். கவலை அதை மோசமாக்கலாம். ஆனால் கவலையை மட்டும் குறை சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் இருப்பது தவறு.

தேய்மானக் கணக்கு

கிணற்று மோட்டாரை நாம் எல்லோரும் அறிவோம். தண்ணீர் இறைக்கத்தான் மோட்டார். அதை ஓட்டினால் கெட்டுவிடாது. ஆனால் குறைந்த வோல்டேஜில் இரவும் பகலும் ஓய்வின்றி ஓட்டிக்கொண்டே இருந்தால்? காயில் சூடேறிப் புகைந்துவிடும். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய புரூஸ் மெக்யூவன் 1993-இல் ஏறக்குறைய இதே கருத்தை முன்வைத்தார். அழுத்தத்துக்கு ஈடுகொடுத்து ஈடுகொடுத்து உடலில் சேரும் தேய்மானத்துக்குத் தனிப் பெயரே இட்டார். அது ஒரே நாளில் தெரிவதில்லை. இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு, கொழுப்பு, தூக்கம் என்று ஒவ்வோர் இடத்திலும் சிறிது சிறிதாகச் சேர்கிறது.

இதற்கான சான்றுகள் சிலவற்றைப் பார்ப்போம்.

சளி: இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் நடந்த ஓர் ஆய்வில் 394 பேருடைய மூக்கில் சளி வைரஸ் சொட்டாக விடப்பட்டது. எல்லோருக்கும் கிருமி கிடைத்தது. எல்லோருக்கும் சளி பிடிக்கவில்லை. மன அழுத்தம் மிகக் குறைந்தவர்களில் 27 விழுக்காட்டினருக்கும், மிக அதிகமானவர்களில் 47 விழுக்காட்டினருக்கும் சளி பிடித்தது. ஷெல்டன் கோஹன் குழுவினர் இதை 1991-இல் வெளியிட்டார்கள்.

காயம்: நினைவிழப்பு நோயுற்ற உறவினரைக் கவனித்துவந்த பெண்கள் 13 பேருக்கும், அத்தகைய பொறுப்பில்லாத பெண்கள் 13 பேருக்கும் முன்கையில் சிறிய காயம் ஏற்படுத்தி ஆறவிட்டார்கள். முதல் குழுவினருக்குக் காயம் ஆற ஏறத்தாழ 9 நாள் கூடுதலாயிற்று. இது 1995-இல் வெளிவந்த ஆய்வு. படுக்கையில் கிடக்கும் மாமனாரையோ தாயையோ ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் நம் வீட்டுப் பெண்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மாரடைப்பு: இந்தியாவில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2004-இல் வந்தது. மாரடைப்பு வந்த 11 ஆயிரத்துக்கு மேற்பட்டோரும், வராத 13 ஆயிரத்துக்கு மேற்பட்டோரும் ஒப்பிடப்பட்டனர். வேலையிடத்தில் ஓயாத அழுத்தம் இருந்ததாகச் சொன்னவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. புகை, சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு ஆகியவற்றின் வரிசையில் மன அழுத்தமும் இடம்பெற்றது.

பெரிய துன்பமா, சிறிய தொல்லையா?

2024-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி நீர் திறக்கப்பட்டது. ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணை கரைபுரண்டது. கரையோர ஊர்களில் வீடும் பயிரும் மூழ்கின. இது பெருந்துன்பம். இத்தகைய துன்பம் உடல்நலத்தைக் கெடுக்கும் என்பதை யாரும் ஒப்புக்கொள்வர். துணைவரின் மரணம், வேலை இழப்பு முதலான 43 வாழ்க்கை நிகழ்வுகளைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு மதிப்பெண் கொடுத்தார்கள் ஹோம்ஸ், ராஹே என்னும் இருவர், 1967-இல்.

ஆனால் 1981-இல் ரிச்சர்டு லாசரஸ் குழுவினர் நடுத்தர வயதினர் 100 பேரைப் பல மாதங்கள் கவனித்தபோது வேறொன்று தெரிந்தது. அன்றாடச் சிறு தொல்லைகள்தாம் மனநலக் குறைவை இன்னும் நன்றாக முன்கூட்டிக் காட்டின. பஸ் தவறுவது, பொருள் தொலைவது, விலை ஏறுவது, வீட்டில் சிறு சச்சரவு, இவைபோன்றவை. வெள்ளம் வந்து வடிந்துவிடும். அதன் பிறகு நிவாரணத்துக்கு வரிசையில் நிற்பது, மணல் மூடிய வயலைச் சீராக்குவது, மறுபடி கடன் கேட்பது ஆகியவை மாதக்கணக்கில் தொடரும். பெருந்துன்பம் தன் வேலையின் பெரும் பகுதியை இந்தச் சிறு தொல்லைகளின் வழியாகவே செய்கிறது எனலாம்.

இருபதிலும் எழுபதிலும்

வயதுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? அமெரிக்காவில் டேவிட் அல்மெய்டா என்பவரின் குழுவினர் 1990-களில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் ஆய்வு நடத்தினார்கள். தொடர்ந்து எட்டு மாலைகள் தொலைபேசியில் அழைத்து, "இன்று என்ன தொல்லை நடந்தது?" என்று கேட்பார்கள். பத்தாண்டு கழித்து மறுபடி கேட்பார்கள். 25 வயதினர் ஏறக்குறைய பாதி நாள்களில் ஏதேனும் ஒரு தொல்லையைச் சொன்னார்கள். 70 வயதினர் 30 விழுக்காடு நாள்களில்தான் சொன்னார்கள். தொல்லை வந்தபோதும் முதியவர்கள் இளைஞர்களைவிடக் குறைவாகவே கலங்கினார்கள்.

இளமையில் வேலை, திருமணம், குழந்தை என்று எல்லாம் ஒருங்கே வருகின்றன. நடுவயதில் பிள்ளைகளின் படிப்பும் பெற்றோரின் மூப்பும் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. முதுமையில் பொறுப்பு குறைகிறது. எதற்குக் கவலைப்படலாம், எதை விட்டுவிடலாம் என்ற பக்குவமும் வருகிறது. ஊர்த் திண்ணையில் பெரியவர்கள், "விடுப்பா, பாத்துக்கலாம்" என்று சொல்வது வெறும் பேச்சன்று.

ஆனால் மறுபக்கமும் உண்டு. வயது ஏற ஏற இரத்தக் குழாய்களின் நெகிழ்ச்சி குறைகிறது. ஏறிய அழுத்தம் இறங்க நேரம் பிடிக்கிறது. எனவே தப்பிக்க முடியாத நீண்ட துன்பம் வந்தால், தனிமை, துணையின் நோய், பிள்ளைகளிடம் கை ஏந்தும் நிலை போன்றவை வந்தால், முதியவர் உடல் இளைஞர் உடலைவிட அதிகம் பாதிக்கப்படுகிறது.

அல்மெய்டா குழுவின் தரவுகளிலிருந்து மற்றொரு முடிவும் கிடைத்தது. எத்தனை தொல்லைகள் வந்தன என்பதைவிட, ஒவ்வொரு தொல்லைக்கும் ஒருவர் எவ்வளவு கலங்கினார் என்பது, பத்தாண்டுக்குப் பின் அவருக்கு வரும் நாட்பட்ட நோய்களோடு தொடர்புடையதாக இருந்தது. நடுவயதில் நாம் கற்கும் பழக்கம் முதுமையின் உடலுக்குப் போய்ச் சேர்கிறது.

யாருடைய கையில் கடிவாளம்?

இதைக் கேட்டவுடன், 'அப்படியானால் கலங்காமல் இருப்பது அவரவர் பொறுப்பு' என்று சொல்லிவிடத் தோன்றும். அது பாதி உண்மையே. இலண்டனில் அரசு ஊழியர்களிடையே 1967-இல் தொடங்கிய 'ஒயிட்ஹால்' ஆய்வு இதைத் தெளிவாக்கிற்று. பொறுப்பு மிகுந்த உயர் அதிகாரிகளுக்குத்தான் மாரடைப்பு அதிகம் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். உண்மை நேர்மாறாக இருந்தது. கடைநிலை ஊழியர்களின் இறப்பு வீதம் உயர் அதிகாரிகளைப்போல் சுமார் மூன்று மடங்கு. புகைப்பழக்கம் முதலியவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் வேறுபாடு முழுதும் மறையவில்லை. 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்டியது: தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம்.

நம் கரும்பு விவசாயியை மறுபடி பாருங்கள். எப்போது வெட்டுவது என்பது அவர் கையில் இல்லை. எப்போது பணம் வரும் என்பதும் அவர் கையில் இல்லை. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு ஒப்படைத்த 14 நாள்களுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி தரவேண்டும் என்று விதித்தது. இதைப் பொருளாதார விதி என்றே நினைக்கிறோம். மேலே கண்ட இரத்த அழுத்த எண்களை வைத்துப் பார்த்தால், இது ஒரு சுகாதார விதியும் ஆகும். பணம் குறித்த நாளில் வருவது ஊரின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகளுள் ஒன்று.

முடிவுகளை எடுக்கும் காலமும் முக்கியம். கென்யாவில் நடந்த, 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், விளைச்சல் முடிந்து கையில் பணம் இருக்கும்போதே உரத்துக்கு முன்பதிவு செய்யச் சொன்னபோது பல விவசாயிகள் வாங்கினார்கள். தாமதமாகக் கேட்டபோது வாங்கவில்லை. அடுத்த ஆண்டின் பள்ளிக் கட்டணம், காப்பீடு, விதைக்கரணை ஆகியவற்றுக்கான ஏற்பாட்டை, தலை தெளிவாக இருக்கும் வெட்டுக்குப் பிந்தைய மாதத்திலேயே செய்துவிடுவது அறிவுடைமை. புதுக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதாக இருந்தால், நெருக்கடி நாளில் தனியாக முடிவெடுக்காமல், கவலையில்லாத ஒருவரை உடன் வைத்துக்கொண்டு படித்துப் பார்ப்பது நல்லது.

என்ன செய்யலாம்?

அழுத்தமே இல்லாத வாழ்க்கை யாருக்கும் இல்லை. மோட்டாருக்கு இடையிடையே ஓய்வு கொடுப்பதே நாம் செய்யக்கூடியது.

முதலாவது, தூக்கம். தூக்கம் குறைந்தால் மறுநாள் மாலையில் கார்ட்டிசால் இறங்க வேண்டிய அளவு இறங்குவதில்லை. பசியும் சர்க்கரையும் ஏறுகின்றன. இரவில் மனம் கணக்குப் போட்டால், எழுந்து அதைத் தாளில் எழுதி வைத்துவிட்டுப் படுக்கலாம்.

இரண்டாவது, நடை. அபாய மணி அடிக்கும்போது உடல் ஓடத் தயாராகிறது. நடந்தால் அந்த எரிபொருள் செலவாகிறது. வயலில் உழைப்பவருக்குத் தனிப் பயிற்சி வேண்டாம்; கடையிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டும்.

மூன்றாவது, மூச்சு. மெதுவாக மூச்சை வெளிவிடும்போது வேகஸ் என்னும் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. நிமிடத்துக்கு ஆறு முறை அளவில், ஐந்து நிமிடம் மூச்சு விட்டுப் பார்த்தால் வேறுபாட்டை நாடியிலேயே உணரலாம்.

நான்காவது, மது வேண்டாம். உடல்வலிக்கும் கவலைக்கும் என்று தொடங்கும் குடி, ஆழ்ந்த தூக்கத்தைக் கெடுத்துக் கார்ட்டிசாலை ஏற்றுகிறது, கடனையும் கூட்டுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அவர்களில் பலர் அன்றாடக் கூலி வேலை செய்தவர்கள் என்பதை மறக்க முடியாது.

ஐந்தாவது, பரிசோதனை. இரத்தக் கொதிப்பு வலிப்பதில்லை. முப்பது வயது கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. கவலை வாரக்கணக்கில் நீங்காமல், எதிலும் நாட்டமின்றி, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வருமானால், அது வெறும் கவலை அன்று. மனச்சோர்வு என்னும் நோய். அதற்கு மருத்துவம் உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி-மனஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, மனிதர்கள். நெருங்கிய உறவும் நட்பும் உள்ளவர்கள் அழுத்தத்தைத் தாங்கும் ஆற்றல் கூடியவர்கள் என்பது பல நாட்டு ஆய்வுகள் ஒருமுகமாகச் சொல்லும் செய்தி. தை மாதம் ஐந்தாம் நாள் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவில், தென்பெண்ணை மணலில் கூட்டம் திரள்கிறது. ஆண்டு முழுதும் பாராத பங்காளிகளும் சம்பந்திகளும் அங்கே சந்தித்துக்கொள்கிறார்கள். "என்ன மச்சான், கரும்பு வெட்டியாச்சா?" என்று ஒருவர் கேட்கிறார். "இல்லப்பா, இன்னும் உத்தரவு வரல" என்று மற்றவர் தம் கவலையைக் கொட்டுகிறார். அதனால் கடன் ஒரு ரூபாயும் குறைவதில்லை. ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்கு அவருடைய அபாய மணி அடங்குகிறது. அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க ஒருவர் இருக்கிறாரே, அந்த ஒருவராக நாமும் இருக்கலாம். அதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை.